டைகர் மாத், வார்ப்பிரும்பு புல்லட், காக்பிட் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய விமானம், பழைய பைக், பேச்சு வழக்கு: மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?

மூன்றும் ஒரே காலத்தின் பிள்ளைகள். டைகர் மாத் பயிற்சி விமானம் முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26. ராயல் என்ஃபீல்டு தன் பைக்குக்கு ‘புல்லட்’ என்று பெயர் வைத்தது 1932இல். இரண்டின் இன்ஜினும் காற்றில் குளிர்பவை, கம்ப்ரஷன் குறைந்தவை, டிரை சம்ப் முறையில், அதாவது தனி டேங்கிலிருந்து, ஆயில் சுற்றுபவை. இரண்டையும் ஆள்தான் உயிர்ப்பிக்க வேண்டும். ஒன்றைக் கையால், மற்றதைக் காலால். டைகர் மாத்தில் பயிற்சி என்பதோ ஒரு ரப்பர் குழாய் வழியே காதில் விழும் ஆசிரியரின் குரல்தான். அந்தக் குரல் யார்க்‌ஷயர்க்காரருடையதா, ஆஸ்திரேலியருடையதா என்பது மாணவருக்குப் புரிவதையே மாற்றியது. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் பிடிபடும்.

படத்திலோ அருங்காட்சியகத்திலோ டைகர் மாத்தை எப்படி அடையாளம் காண்பது?

இரட்டை இறக்கை, திறந்த காக்பிட் இரண்டு. இவற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தக் காலத்துப் பயிற்சி விமானங்கள் பலவும் அப்படித்தான். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் மூக்கு. இன்ஜின் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருப்பதால் மேல்புறம் சரிவாக, மழமழவென்று இறங்கும்; புரொப்பல்லரின் அச்சு மூக்கின் மேற்பகுதியில் இருக்கும். முந்தைய ஜிப்ஸி மாத்தில் சிலிண்டர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து இறக்கை. டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. முன் இருக்கை ஆசிரியர் பாராசூட்டுடன் வெளியே குதிக்க மேல் இறக்கையின் நடுப்பகுதி இடைஞ்சலாக இருந்தது. அதை முன்னால் நகர்த்தினார்கள். நகர்த்தியதும் தூக்குவிசையின் மையமும் முன்னால் போயிற்று. அதைச் சரிக்கட்டவே நுனிகளைப் பின்னால் சாய்த்தார்கள். அழகுக்காகச் செய்ததல்ல.

மூன்றாவது ஐலரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் அசையும் பலகை. டைகர் மாத்தில் கீழ் இறக்கையில் மட்டும் உண்டு. பெல்ஜியத்தின் ஸ்டாம்ப் எஸ்வி 4 விமானத்தைப் பலர் டைகர் மாத் என்று எழுதிவிடுகிறார்கள். அதில் நான்கு இறக்கைகளிலும் ஐலரான் இருக்கும், நுனிகளும் உருண்டிருக்கும்.

மேல் இறக்கையின் நடுவில் பெட்ரோல் டேங்க், மேல் இறக்கையின் முன்விளிம்பில் வெளிப்பக்கமாகத் தானே திறந்துகொள்ளும் ஸ்லாட் (காற்று புகும் பிளவு), உடலின் இடப்பக்கம் வெளியே தெரியும் ஆயில் டேங்க் மூன்றும் சேர்ந்தால் ஐயமே வேண்டாம்.

இந்தியாவில் பார்க்க முடியுமா?

முடியும். விமானப்படையின் விண்டேஜ் பிரிவில் எச்யூ 512 என்ற எண்ணுள்ள டைகர் மாத் இருக்கிறது. இங்கிலாந்தில் பழுது பார்க்கப்பட்டு 2012இல் மீண்டும் பறந்தது. இங்கே டைகர் மாத்தின் இடத்தைப் பிடித்தது எச்ஏஎல் எச்டி 2. வி.எம். காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1951இல் பறந்தது. அது ஒற்றை இறக்கை கொண்ட உலோக விமானம், குழப்பிக்கொள்ள வழியில்லை.

இன்ஜினைத் தலைகீழாக வைத்தது ஏன்? அதனால் என்ன தொல்லை?

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அச்சு) மேலே, சிலிண்டர்கள் கீழே. புரொப்பல்லர் உயரத்துக்குப் போவதால் புல் தரையில் நுனி இடிக்காது. சிலிண்டர் தலைகள் விமானியின் கண்ணை மறைக்காது. ஜிப்ஸி III இன்ஜினில் இந்த அமைப்பு வந்தது. 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடாவும், அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை நெவில் வின்சென்ட்டும் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்திலும் இந்தத் தலைகீழ் இன்ஜின்தான். அதைப் பெரிதாக்கியதே டைகர் மாத் 82ஏ வகையில் உள்ள ஜிப்ஸி மேஜர்: நான்கு சிலிண்டர், 118 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 140 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), சுமார் 6.1 லிட்டர், 130 குதிரைத்திறன்.

தொல்லை ஆயிலால் வருகிறது. விமானம் நாள்கணக்கில் நின்றால் ஆயில் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, சிலிண்டர் தலையில் தேங்கும். திரவம் அமுங்காது. அந்த நிலையில் இன்ஜின் வேகமாகச் சுழன்றால் பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். அதனால்தான் ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புரொப்பல்லரைக் கையால் நிதானமாகச் சுற்றுகிறார்கள். இரண்டு முழுச் சுற்றில் நான்கு சிலிண்டருக்கும் ஒவ்வொரு கம்ப்ரஷன் வந்துவிடும். இரு இலைப் புரொப்பல்லர் என்பதால் ஓர் இலைக்கு ஒரு கம்ப்ரஷன் என்று கை கணக்கு வைத்துக்கொள்ளும். எங்கேயாவது சுவரில் மோதியதுபோல் நின்றால் பலம் காட்டக்கூடாது. பின்னோக்கிச் சுற்றுவதும் தவறு: ஆயில் இன்லெட் குழாய்க்குள் ஏறி, ஸ்டார்ட் ஆனதும் திரும்ப உறிஞ்சப்படும். அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வடியவிடுவதே சரி.

கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் முறை என்ன?

இதைப் படித்துவிட்டு யாரும் புரொப்பல்லரைத் தொடக்கூடாது. பயிற்சி பெற்றவர் அருகில் நின்று சொல்லிக்கொடுத்தே பழக வேண்டிய வேலை இது. முறையைத் தெரிந்துகொள்வது, பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று புரிவதற்காக.

சக்கரங்களுக்கு முன்னே கட்டை வைக்கப்படும். காக்பிட்டில் தெரிந்தவர் ஒருவர் அமர்ந்து, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடிப்பார். வெளியே நிற்பவர் “ஸ்விட்ச் ஆஃப், பெட்ரோல் ஆன், த்ராட்டில் க்ளோஸ்டு” என்று கேட்பார். உள்ளிருப்பவர் ஒவ்வொன்றையும் பார்த்து, திருப்பிச் சொல்வார். ஸ்பார்க் கொடுக்கும் மேக்னெட்டோவின் ஸ்விட்ச்சுகள் காக்பிட்டுக்கு வெளியே உடலின் மேல் இருக்கின்றன. முன்னே நிற்பவரின் கண்ணுக்கு அவை தெரிய வேண்டும் என்பதே காரணம். சொல்லை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பார்க்கிறார்.

பிறகு கார்புரேட்டரின் டிக்ளரை (பெட்ரோலை நிரம்பி வழியவைக்கும் சிறு பொத்தான்) இயக்கிப் பெட்ரோல் நிரம்பி வழியவிடுவார்கள். நான்கு இலைகள் சுற்றி, கலவையைச் சிலிண்டருக்குள் இழுப்பார்கள். த்ராட்டில் ஒரு விரற்கடை திறக்கப்படும். “கான்டாக்ட்” என்ற சொல்லுக்குப் பிறகே ஸ்விட்ச் போடப்படும். சுற்றுபவர் உலர்ந்த, வழுக்காத தரையில் நிற்க வேண்டும். துண்டு, மஃப்ளர், தொங்கும் கயிறு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. விரல்கள் இலையின் மேல் படுக்கையாக இருக்கும். விளிம்பைச் சுற்றி வளைத்துப் பிடித்தால் கை உள்ளே இழுபடும். கீழே இழுக்கும் அசைவே உடலைப் பின்னோக்கி நகர்த்திவிட வேண்டும்.

மேக்னெட்டோ ஒன்றில் இம்பல்ஸ் கப்ளிங் உண்டு. சுருள்வில் ஒன்று இறுகி, சட்டென்று விடுபட்டு மேக்னெட்டோவை வேகமாகச் சுழற்றி, தாமதமாக ஒரு வலுவான ஸ்பார்க் கொடுக்கும். ‘க்ளிக்’ என்று கேட்பது அதுதான். அந்தச் சத்தம் வராமல் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?

பெரும்பாலும் பெட்ரோல் மிகுந்து மூச்சடைத்திருக்கும். ஸ்விட்ச்சை அணைத்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து, சில இலைகள் பின்னோக்கிச் சுற்றிக் கலவையை வெளியேற்றுவார்கள். இங்கேதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. மறுபடி முயலும்போது த்ராட்டிலை மூட மறந்துவிட்டால் விமானம் முழு வேகத்தில் கட்டையைத் தாண்டிப் பாயும். டைகர் மாத்தில் பிரேக் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்தே கேள்வி பதில் தொடங்க வேண்டும், பாதியிலிருந்து தொடரக்கூடாது.

பிரேக் இல்லாமல் தரையில் எப்படி ஓட்டுகிறார்கள்?

வால்புறம் சக்கரத்துக்குப் பதிலாக உலோகக் கட்டை ஒன்று புல்லை உழுதுகொண்டே வரும். அதுவே பிரேக். தார் ஓடுதளம் இதற்கு ஆகாது, தேய்ந்துபோகும். திரும்ப வேண்டுமானால் ரடரை (வாலில் திரும்பும் பலகை) முழுவதும் மிதித்து, ஒரு கணம் த்ராட்டில் கொடுத்து, வாலை நகர்த்த வேண்டும். மூக்கு கண்ணை மறைப்பதால் நேராகப் போகாமல் பாம்பு போல் வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். காற்று பலமானால் இறக்கை நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்.

விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் ஓடத் தொடங்கும்போது மூக்கு வலப்பக்கம் இழுக்கும். இடது ரடர் வேண்டும். அமெரிக்க இன்ஜின் விமானங்களில் பழகியவர்களின் கால் இங்கே எதிர்ப்பக்கம் போய்விடும்.

பெட்ரோல் 19 இம்பீரியல் கேலன், அதாவது சுமார் 86 லிட்டர். பம்ப் இல்லை, மேலிருந்து தானே இறங்கும். அளவுகாட்டி, டேங்கின் மேல் நிற்கும் கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் மிதவை. அது சிக்கிக்கொள்வதுண்டு, எனவே கடிகாரத்தையே நம்ப வேண்டும்.

துணி போர்த்திய விமானத்தில் முதலில் எது கெடும்?

துணி அல்ல, பெரும்பாலும் துணிக்கு உள்ளே இருக்கும் மரமும் பசையும். உடல் எஃகுக் குழாய்ச் சட்டம். இறக்கைகள் ஸ்ப்ரூஸ் மரம். அந்தக் காலத்துக் கேஸீன் பசை பாலிலிருந்து எடுத்தது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து விட்டுவிடும். இறக்கையின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபட்டால் தண்ணீர் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் மேல் தேங்கி நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. துளைகளைத் திறந்து வைப்பதுதான் மலிவான, மிக முக்கியமான பராமரிப்பு.

துணிமேல் பூசும் டோப் காய்ந்து சுருங்கித் துணியை மத்தளத் தோல்போல் இழுத்துப் பிடிக்கும். அதன்மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு வருவது வெள்ளி நிறத்துக்காக அல்ல, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்க. அந்தப் பூச்சு மெலிந்த இடத்தில் துணி உளுத்துப்போகும். விரலால் தட்டினால் ‘டம்’ என்று கேட்க வேண்டும்; ‘தொப்’ என்றால் தளர்ந்திருக்கிறது.

பாராசூட்டில் இறங்கிய பைக் உண்மையா?

உண்மை. ராயல் என்ஃபீல்டின் டபிள்யூடி/ஆர்இ, செல்லப்பெயர் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’, பறக்கும் தெள்ளுப்பூச்சி. 126 சிசி டூ ஸ்ட்ரோக், எடை 60 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. இருவர் வேலியைத் தாண்டித் தூக்கிப் போடலாம். எஃகுக் குழாய்க் கூண்டில் வைத்துப் பாராசூட்டில் இறக்கினார்கள். 1944இல் ஆர்ன்ஹெம் சண்டையில் வானிலிருந்து இறங்கிய பிரிட்டிஷ் படை வீரர்கள் பயன்படுத்தினார்கள்.

சோழவரத்துக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு?

சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம். போருக்குப் பிறகு ‘டி’ வடிவ அந்தத் தளத்தில் பைக், கார் பந்தயங்கள் நடந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வரும்வரை தென்னிந்தியப் பந்தயத்தின் தாய்வீடு சோழவரம்தான். விமானத்துக்காகப் போட்ட தளம் நீளமும் நேருமானது. முழு வேகத்தில் வந்து கடைசி நொடியில் பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டிய தளமாக அது மாறியதற்குக் காரணமே அந்த வடிவம்.

வார்ப்பிரும்பு புல்லட்டை ஒரே உதையில் ஸ்டார்ட் செய்வது எப்படி?

திருவொற்றியூரில் 1955இல் வேரூன்றி, 2010 வாக்கில் விடைபெற்ற பழைய 350 இன்ஜினைப் பற்றிப் பேசுகிறோம்: போர் 70, ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. உடல் பலம் இதற்கு அதிகம் தேவையில்லை. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டும், அவ்வளவே.

பெட்ரோல் காக்கைத் திற. இன்ஜின் ஆறியிருந்தால், ஆமல் கார்புரேட்டரில் டிக்ளரை அழுத்திப் பெட்ரோல் கசியும்வரை பிடி; மிக்கார்ப் என்றால் சோக்கைப் போடு. ஜிப்ஸி மேஜரில் செய்ததும் இதேதான். சாவியைப் போட்டு அம்மீட்டரைப் பார். முள் இடப்பக்கம் சாய்ந்தால் பாயிண்ட் (திறக்கும் கணத்தில் ஸ்பார்க் வரவைக்கும் மின்தொடர்பு) மூடியிருக்கிறது, கரண்ட் ஓடுகிறது. கிக்கரை மெதுவாக இறக்கினால் ஓரிடத்தில் கனமாகத் தடுக்கும், முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் டாப்புக்கு (சிலிண்டரின் உச்சிக்கு) அருகில் இருக்கிறது என்று பொருள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரை இழுத்துக்கொண்டு கிக்கரை மேலும் ஓர் அங்குலம் இறக்கி டாப்பைத் தாண்டவிடு. லீவரை விடு. கிக்கரை மேலே வரவிடு. இப்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், அடிவரை ஒரே மிதி.

பலரும் ‘டாப்’பிலேயே மிதிக்கிறார்கள். அங்கே ஃப்ளைவீலுக்கு வேகம் எடுக்க இடமில்லை. டாப்பைச் சற்றுத் தாண்டினால்தான் அடுத்த கம்ப்ரஷன் வருமுன் ஏறக்குறைய இரண்டு சுற்று ஓடி வேகம் பிடிக்கும்.

கிக்கர் ரிட்டர்ன் அடிக்கிறதே?

பிஸ்டன் டாப்புக்கு வருமுன்பே கலவை எரிந்து, இன்ஜினைப் பின்னால் தள்ளுகிறது. முதல் காரணம் மிதிப்பவர்: பாதியில் நிறுத்தும் தயக்க மிதி. அடுத்தது, டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) மிக முன்னால் போயிருப்பது. மூன்றாவது, பலர் கவனிக்காதது: பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் உள்ள ஆட்டோ அட்வான்ஸ் எடைகள், அதாவது வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முந்தச் செய்பவை. துரு ஏறி விரிந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ, ஸ்டார்ட்டிங்கிலேயே அட்வான்ஸ் முழுதாக இருக்கும். கேமைக் கையால் திருப்பி விட்டால் தானே பழைய இடத்துக்குத் துள்ளி வர வேண்டும். வராவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில் விடுங்கள்.

மிதிக்கும்போது ஷூ அவசியம். முழங்காலை விறைப்பாக நீட்டாதீர்கள்; வளைந்த கால் அடியைத் தாங்கும், நீட்டிய முழங்கால் தாங்காது.

பாயிண்ட், டைமிங் அளவுகள்?

பாயிண்ட் இடைவெளி முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் இடைவெளி சுமார் 0.5 மி.மீ. டைமிங், அட்வான்ஸ் எடைகள் மூடிய நிலையில் டாப்புக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் இடைவெளி, பிறகே டைமிங். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும். கூட்டினால் அட்வான்ஸ் (ஸ்பார்க் முந்தும்), குறைத்தால் ரிட்டார்ட் (பிந்தும்). கேமில் உராயும் ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி தானே குறையும். வண்டி நாளாக நாளாக இழுவை குறைந்து சூடாவதற்கு இது ஒரு காரணம்.

திறக்கும் கணத்தைப் பிடிக்க மெல்லிய காகிதத்தைப் பாயிண்டுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்க்கலாம், அல்லது அம்மீட்டர் முள்ளையே பார்க்கலாம். பாயிண்ட் முகம் நீலமாகக் கருகி, ஓடும்போது பெரிய பொறி பறந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

டாப்பட் சத்தம் போக எவ்வளவு இடைவெளி வைக்க வேண்டும்?

இடைவெளியே வைக்கக்கூடாது. இரவு முழுவதும் ஆறிய இன்ஜினில், கம்ப்ரஷன் டாப்பில், புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைக்கப் பார்த்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. அட்ஜஸ்டர், லாக் நட், அடித்தண்டு என மூன்றையும் தனித்தனி ஸ்பேனரால் பிடிக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி உருட்டிப் பாருங்கள், இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடும்.

சூடான இன்ஜினில் இந்த வேலையைச் செய்வதுதான் மிகுதியாக நடக்கும் தவறு. சூட்டில் சிலிண்டரும் ஹெட்டும் உயர்ந்து இடைவெளி கூடியிருக்கும். அப்போது பூஜ்யம் வைத்தால், ஆறியதும் புஷ்ராடு வால்வை அழுத்திப் பிடிக்கும். காலையில் கம்ப்ரஷன் இருக்காது, ஸ்டார்ட் ஆகாது. நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். மெல்லிய ‘டிக் டிக்’ இருந்தால் இருக்கட்டும். சத்தமே இல்லாத டாப்பட்தான் கவலைக்குரியது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப்புகை. ஆயில் அளவும் குறைவாகக் காட்டுகிறது. இன்ஜின் போச்சா?

அவசரப்பட்டு சிலிண்டரைக் கடையும் ‘போர்’ வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாள்கணக்கில் நின்ற புல்லட்டில், இன்ஜினுக்குள் ஆயிலைச் சேமிக்கும் டேங்க் அறையின் ஆயில் பம்பைத் தாண்டிக் கிராங்க் அறைக்குள் மெல்ல இறங்கும். டைகர் மாத்தின் சிலிண்டரில் ஆயில் தேங்குவதற்குச் சிற்றப்பன் மகன் இந்தத் தொல்லை. குச்சியில் பார்த்தால் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால், ஓடியபின் இறங்கிய ஆயிலும் திரும்பி வந்து நிரம்பி வழியும், பிரீதர் (காற்றுப்போக்கி) வழியாகக் கக்கும். சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிறகு அளவு பாருங்கள். ஓடியபின்னும் புகை நிற்கவில்லை என்றால்தான் ரிங், வால்வு கைடு பக்கம் போக வேண்டும்.

ஆயில் மாற்றும்போது அடியில் உள்ள எல்லா வடிகால் பிளக்குகளையும் திறக்க வேண்டும். டேங்க் அறையை மட்டும் வடித்தால் கிராங்க் அறையின் பழைய ஆயில் தங்கிவிடும். மொத்தம் சுமார் 2 லிட்டர், 20டபிள்யூ 50. ஃபில்டரை மாற்றினால் அந்த அறை காலியாக இருக்கும். அது நிரம்பும்வரை பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கில் பொருந்தும் இடம்) ஆயில் போகாது. அறையில் கையாலேயே ஆயில் நிரப்பி, பிளக்கைக் கழற்றிவிட்டு, 20 முறை கிக்கரை மிதியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்கு (வால்வைத் திறக்கும் நெம்புகோல்) போகும் ஆயில் குழாயின் பேன்ஜோ போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

டைமிங் கவரைக் கழற்றினால், கிராங்க் முனைக்கு ஆயில் நுழையும் இடத்திலுள்ள சிறிய கார்க் சீலைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். விலை அற்பம். அது கசிந்தால் பிக் எண்ட் பட்டினி கிடக்கும்.

எவ்வளவு வேகம் தாங்கும்?

பழைய இன்ஜினின் பிக் எண்டில் ரோலர் இல்லை, மிதக்கும் புஷ்தான். அதற்கு வேண்டியது தொடர்ந்த ஆயில். 60 முதல் 70 கி.மீ. வேகத்தில் நாள் முழுவதும் ஓடும். டாப் கியரில் மிகக் குறைந்த வேகத்தில் ‘டக் டக்’ என்று திணறவிட்டு ஏற்றம் ஏற்றுவது, அதிவேகத்தைவிடக் கெடுதல். பம்ப் மெதுவாகச் சுற்றும்போது புஷ்ஷின்மேல் பாரம் மட்டும் முழுதாக விழுகிறது. கியரைக் குறையுங்கள்.

வலக்கால் கியர்: பழகுவது எப்படி?

ஒன்று மேலே, மூன்று கீழே. பிரேக் இடக்காலில். குதிகாலால் மிதிக்கும் நியூட்ரல் ஃபைண்டர், முதல் கியர் தவிர மற்ற எந்தக் கியரிலிருந்தும் நியூட்ரலுக்குக் கொண்டுவரும். புதிய பைக்கிலிருந்து மாறுபவர்கள் முதல் வாரம் ஆளில்லாத மைதானத்தில் பழகுங்கள். திடுக்கிடும் நேரத்தில் கால் பழைய இடத்துக்கே போகும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பீர்கள்.

நட்டு முனை உருண்டுபோகிறது, ஸ்பேனர் சரியாகப் பொருந்தவில்லை. ஏன்?

பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அளவுகளும் மில்லிமீட்டர் அளவுகளும் கலந்திருக்கும். பிரிட்டிஷ் ஸ்பேனரில் பொறித்த 1/4 டபிள்யூ (விட்வொர்த்) என்பது நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் தடிமன். ஆகவே 1/4 டபிள்யூ ஸ்பேனர் கால் அங்குலத்தைவிட அகலமாக இருக்கும். 3/16, 1/4, 5/16, 3/8 டபிள்யூ நான்கும் கையில் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். ‘கிட்டத்தட்டப் பொருந்தும்’ மில்லிமீட்டர் ஸ்பேனரே நட்டைக் கெடுக்கிறது. மறை ஏறவில்லை என்றால் இறுக்காதீர்கள். வேறு மறையாக இருக்கலாம்.

காஸ்போர்ட் குழாய் என்றால் என்ன? ஆசிரியரின் பேச்சு வழக்கு ஏன் அவ்வளவு முக்கியமானது?

1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் விமானி ஸ்மித்‑பாரி நடத்திய பயிற்சிப் பள்ளியின் பெயரால் வந்த பேச்சுக்குழாய் அது. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பைப் போல, ஒரு முனையில் ஊதுகுழல் வாய், மறுமுனையில் காது. மின்சாரம் இல்லை. இன்ஜின் இரைச்சலுக்கும் காற்றுக்கும் நடுவே உயிரெழுத்துகள் கேட்கும். ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெல்லிய உரசொலிகள் தொலையும். ஆங்கிலத்தில் சொல்லை வேறுபடுத்துவது பெரும்பாலும் அந்த மெல்லொலிகள்தான். உயிரெழுத்தையும் தன் ஊர்ப் பாங்கில் இழுத்துப் பேசும் ஆசிரியர் கிடைத்தால் மாணவர் ஊகிக்க வேண்டியதுதான்.

அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, ஒவ்வொரு பாடத்துக்கும் மாறாத சொற்கள். “ஐ ஹேவ் கன்ட்ரோல்”, “யூ ஹேவ் கன்ட்ரோல்” என்பது இன்றும் உலகெங்கும் உயிரோடிருக்கிறது. சொல் முன்பே தெரிந்திருந்தால் பாதி கேட்டாலும் போதும்.

தமிழ் நாக்கோடு விமான வானொலியில் பேச முடியுமா?

தாராளமாக. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் மொழித்தேர்வில் தேவைப்படுவது நான்காம் நிலை. அதன் உச்சரிப்பு விதி, தாய்மொழியின் சாயல் இருக்கலாம், அது சில நேரம் மட்டுமே புரிதலுக்கு இடைஞ்சலாகலாம் என்கிறது. பிபிசி பாணி யாரும் கேட்கவில்லை.

கவனிக்க வேண்டியவை சில. தமிழில் சொல் மெய்யெழுத்தில் முடியும்போது நம்மையறியாமல் ஓர் உகரம் சேர்க்கிறோம்: ‘ஃபைவு’, ‘எயிட்டு’. அதை வெட்டுங்கள். எண்களுக்கு விதித்த உச்சரிப்பையே பயன்படுத்துங்கள்: 3 ‘ட்ரீ’, 4 ‘ஃபோ‑வர்’, 5 ‘ஃபைஃப்’, 9 ‘நைனர்’. இரைச்சலில் 5ம் 9ம் ஒன்றுபோல் கேட்பதைத் தடுக்கவே இந்த மாற்றம். வேகம் நிமிடத்துக்கு 100 சொல்லைத் தாண்டக்கூடாது என்பதும் விதி. நம்மவர்களின் சிக்கல் உச்சரிப்பைவிட வேகமே.

எழுத்துகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ‘வி’, ‘டபிள்யூ’ இரண்டுக்கும் நமக்கு ஒரே வகரம். ஆனால் ‘விக்டர்’, ‘விஸ்கி’ என்றால் குழப்பமில்லை. இந்தச் சொற்களை மொழியியலாளர் ஷான்‑போல் வினே மாண்ட்ரியாலில் உருவாக்கினார். 31 நாட்டினரிடம் சோதித்துத் திருத்தியபின் 1956இல் இன்றைய வடிவம் நடைமுறைக்கு வந்தது. அல்ஃபாவின் ஆங்கில எழுத்துக்கூட்டில் ‘பிஎச்’ இல்லை, ஜூலியட்டின் முடிவில் இரண்டு ‘டி’. பிரெஞ்சுக்காரர் கடைசி ‘டி’யை விழுங்கிவிடக்கூடாது என்பதற்காக.

பழைய கையேட்டில் ஒரு சொல், அமெரிக்க வீடியோவில் வேறு சொல்; எப்படிப் பொருத்துவது?

பிரிட்டிஷ் சொல் முதலில்: கட்ஜன் பின் என்றால் ரிஸ்ட் பின். சைலன்சர், மஃப்ளர். ஸ்பேனர், ரெஞ்ச். பெட்ரோல், கேஸ். அண்டர்கேரேஜ், லேண்டிங் கியர். போர்க்காலக் கையேட்டில் ‘ஏர்ஸ்க்ரூ’ என்றால் புரொப்பல்லர். நம் பட்டறைத் தமிழ் பிரிட்டிஷ் பக்கம் நிற்பதால் பழைய கையேடு நமக்கு எளிது. நாம் மாற்றுச் சக்கரத்தைச் சொல்லும் ‘ஸ்டெப்னி’, வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் பிறந்த ஒரு நிறுவனத்தின் பெயர். இன்றைய இங்கிலாந்துக்காரரிடம் சொன்னால் பலருக்குப் புரியாது.

போர்க்காலப் பதிவேடுகளில் ‘எஸ் ஃபார் சுகர்’ என்று வருகிறதே?

அது 1943 முதல் 1956 வரை பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய எழுத்துச் சொற்கள்: ஏபிள், பேக்கர், சார்லி, டாக், ஈஸி, ஃபாக்ஸ், ஜார்ஜ் எனப் போகும். விமானத்தின் உடலில் எழுதிய தனி எழுத்தே அதன் பெயராக நின்றது. லண்டன் ஹெண்டனில் உள்ள ஆர் 5868 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ‘எஸ் ஃபார் சுகர்’. கான்பெராவின் போர் நினைவகத்தில் இருப்பது ‘ஜி ஃபார் ஜார்ஜ்’. தேதியைப் பார்த்தே படியுங்கள்: 1943க்கு முந்தைய பதிவில் ‘பி’ என்பது பேக்கர் அல்ல, பீர், ‘டி’ என்பது டான். 1943க்குப் பிந்தைய பதிவில் ‘ஆர்’ எழுத்துக்கு ரோஜர். ரிசீவ்டு, அதாவது செய்தி கிடைத்தது என்பதன் முதலெழுத்து. எழுத்துச் சொல் 1956இல் ரோமியோ ஆகிவிட்டது. பதிலாகச் சொல்லும் ‘ரோஜர்’ மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.